ஆசை அற்றுப்போனவர் அல்ல நீங்கள்

என் அன்பான மாமாவுக்கு,

கான்வென்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், யாருக்கு எழுதுகிறோமோ அவர் பெயரை முதல் வரியில் தெளிவாக எழுத வேண்டும் என்பார். முப்பத்தைந்து வருஷம் உங்களோடு வாழ்ந்தும் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போதும் எழுதப் போவதில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியும், இது யாருக்கென்று.

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. நலமா என்று கேட்க முடியாது. நானும் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், தீரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள் தங்கை நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் பின்வரிசையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மாள் உங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். இவள் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"எங்கண்ணனுக்குக் கடைசீல தங்கச்சி மேல இருந்த ஆசையே அத்துப்போச்சுங்க. மத்தபடி நல்ல மனுசந்தான்."

நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுவது மரியாதை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்தேன்.  

இந்தக் கடிதத்தை, நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோரும் வாங்குகிற மாதப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். கொண்டப்பநாயக்கன்பட்டியில் நல்லம்மாள் வீட்டிலும் அது வருகிறது. அஞ்சலி என்றால் ஒரு பக்கம் போதுமே அம்மா என்றார் ஆசிரியர். போதாது என்றேன். நல்லம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவள் மகள் சாந்தி படித்துக் காட்டட்டும். சாந்திக்கும் இதில் பங்கு இருக்கிறது.

உங்களைப் போல ஆசைக்காரரை நான் பார்த்ததில்லை. வைகாசி பிறந்தால் வீட்டில் இருக்க மாட்டீர்கள். மல்கோவா வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருப்பீர்கள். வந்த அன்றே சேலத்துக்குப் போய், ஒவ்வொரு பழமாக எடுத்துக் காம்பை முகர்ந்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை பொறுக்குவீர்கள். முதல் கூடை நம் வீட்டுக்கு வராது. வைக்கோல் போட்டுக் கட்டி, நேராக உங்கள் தங்கை வீட்டுக்குப் போகும். அவள் ஒரு பழத்தை அறுத்து முதல் துண்டை உங்கள் கையில் கொடுத்த பிறகுதான் திரும்பி வருவீர்கள்.

நான் அதற்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது கூடைதான் பெண்டாட்டிக்கா என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று பெயர் வாங்கிய நான் அதைக் கவனிக்கவில்லை.

உங்கள் கையெழுத்தைத்தான் முதலில் கவனித்தேன். நம் வசந்தி சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்த வருஷம் அது. அவளுக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் முதல் வரி சரியாக இருக்கும். மூன்றாவது வரியில் எழுத்து சுருங்கும். கடைசி வரி கடுகு கொட்டியது போல இருக்கும். காகிதம் மிச்சம் பிடிக்கிறீர்களா என்று திட்டி, கோடு போட்ட காகிதம் கொடுத்துத் திரும்ப எழுதச் சொன்னேன். நீங்களும் மறுபேச்சு பேசாமல் எழுதினீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு மனிதரை உட்கார வைத்துக் காப்பி எழுத வைத்தேன்.

பிறகு நடக்கும்போது வலது கை வீசுவது நின்றது. முகம் பலகை போல ஆனது. எழுபத்தாறாம் வருஷம் மல்கோவா வந்தது. நீங்கள் போகவில்லை. நானே ஆள் அனுப்பி வாங்கி, அறுத்துத் தட்டில் வைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கை நீளவில்லை. கோபத்தில் ஒரு துண்டை எடுத்து உங்கள் வாயில் வைத்தேன். மென்றீர்கள். கண்ணை மூடினீர்கள். தொண்டைக்குள் மெல்ல ஒரு சத்தம் வந்தது. பழம் நன்றாக இருந்தால் எப்போதும் வருகிற அதே சத்தம்.

அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அந்த ஆவணியில் சாந்திக்குத் தெரட்டிச் சீர். பெரியவளான பெண்ணுக்குத் தாய்மாமன் சீர்த்தட்டு எடுத்துப் போகிற நாள். நல்லம்மாள் நேரில் வந்து அழைக்கவில்லை, பெரியப்பா மகனிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். அழைப்பில் குறை இருந்தால் தாய்மாமன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிடுவது நம் பக்கத்து வழக்கம். வீட்டார் வந்து தப்பை ஒத்துக்கொண்ட பிறகுதான் படி தாண்டுவார். பாதி உரிமை, பாதி விளையாட்டு. எல்லோரும் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

நீங்கள் காரிலிருந்து இறங்கித் தட்டை வாங்கிக்கொண்டு பந்தல் முழுக்க நன்றாகத்தான் நடந்தீர்கள். நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் நின்றீர்கள். தரையில் ஆணி அடித்தது போல நின்றீர்கள்.

"மாமனுக்குக் கோவமுங்கோ, கவனிச்சு உள்ள கூட்டீட்டுப் போங்க" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது. நல்லம்மாளும் சிரித்துக்கொண்டே ஆரத்தித் தட்டோடு வந்தாள். நேரில் வராதது தன் தப்புத்தான் என்றாள். நீங்கள் அசையவில்லை. இரண்டாம் தடவை சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்தது.

"தப்புத்தானுங்கண்ணா. அத்தன பேருக்கு முன்னால சொல்றேன். உள்ள வாங்க சாமி."

நீங்கள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தாலாவது அவள் பொறுத்திருப்பாள்.

நான் என்ன செய்தேன்? அவமானத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. உங்கள் கையிலிருந்த தட்டை வாங்கி உள்ளே வைத்தேன். தோளைப் பிடித்துத் திருப்பினேன். திருப்பியதுதான் தாமதம், நீங்கள் நடந்தீர்கள். பந்தலைக் கடந்து கார் வரைக்கும் ஒரு தடங்கல் இல்லாமல் நடந்தீர்கள். தங்கை வீட்டுக்குள் போகாத கால், அவள் வீட்டை விட்டுப் போக மட்டும் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நாமக்கல் வரும்வரை நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று.

"காலு வரல சரசு."

"திரும்பி வரும்போது மட்டும் எப்படி வந்தது?" என்று கேட்டேன்.  நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த வருஷம்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பத்து நிமிஷத்தில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒரு காகிதத்தில் மூளையைப் படம் போட்டு, நடுவில் கீழே ஒரு சின்ன இடத்தைக் கறுப்பாகத் தீட்டினார். அங்கே இருக்கிற நரம்புச் செல்கள் டோபமின் என்று ஒரு பொருளை உண்டாக்கி மற்ற இடங்களுக்கு அனுப்புகின்றனவாம். உங்களுக்கு அந்தச் செல்கள் செத்துக்கொண்டே வருகின்றனவாம். செத்ததைத் திருப்ப முடியாது, மாத்திரையால் ஈடு கட்டலாம் என்றார். வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், சாப்பாட்டோடு கொடுங்கள் என்றார்.

இரண்டாவது வாரம் நீங்கள் நாற்காலியிலிருந்து தானாக எழுந்தீர்கள். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டீர்கள். ஒரு நாள் காலையில் சமையலறைக்கு வந்து, "மல்கோவா வந்துருச்சா சரசு?" என்று கேட்டீர்கள். ஐப்பசி மாதத்தில் ஏது மல்கோவா என்று நான் சொல்லவில்லை. திரும்பி நின்று அடுப்பைத் துடைத்தேன்.

அது மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை? மாமா, இந்த இடத்தில்தான் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. டாக்டர் சாப்பாட்டோடு என்றார். நான் சாப்பாடு என்பதை நல்ல சாப்பாடு என்று எடுத்துக்கொண்டேன். பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழி. நீங்கள் எழுந்து நடந்ததும், உடம்பு இன்னும் தேற வேண்டும் என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் அவித்த முட்டை இரண்டு, மேலே ஒரு டம்ளர் பாலில் ஒரு முட்டை அடித்து. மணி பார்த்துக் கொடுத்தேன். ஒரு வேளை தவறவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். அவர்களும் போகும்போது நாட்டுக்கோழி முட்டையாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புரட்டாசி வந்தால் நம் வீட்டில் முட்டை, கறி எதுவும் கிடையாது. முட்டை அடிக்காத பால் எதற்கு என்று அதையும் நிறுத்திவிடுவேன். அந்த மாதம் இட்லியும் கறுப்புக் காப்பியுமாக மாத்திரை சாப்பிட்டீர்கள். நன்றாக நடந்தீர்கள். சனிக்கிழமை கோயிலுக்கே போய் வந்தீர்கள். ஊரே பெருமாள் கண் திறந்துவிட்டார் என்றது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு என்ன காரணம் என்று யோசிக்கவும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் முட்டையைத் தட்டில் வைத்தேன். நீங்கள் மறுபடி கல்லாகிவிட்டீர்கள். ஒரு வருஷம் அல்ல, இரண்டு புரட்டாசி இப்படிப் போனது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நான்.

அதற்கப்புறம் தீப்பிடித்த நாள். குஞ்சுக் கொட்டகையில் சூட்டுக்கு வைத்த விளக்கு சாய்ந்து தென்னந்தட்டி பற்றிக்கொண்டது. மத்தியான நேரம், ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எழுப்பி உட்கார வைத்தால்தான் உட்காருகிற நீங்கள், எழுந்து ஓடினீர்கள். நான் பார்த்தேன். ஓடிப்போய்க் கொட்டகைக் கதவைத் திறந்து குஞ்சுகளை வெளியே விரட்டினீர்கள். தீ அணைந்ததும் அங்கேயே நின்றுவிட்டீர்கள். இரண்டு பேர் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை நாள் நடிப்புத்தானா என்றார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டிக்கும் சேதி போயிருக்கிறது. குஞ்சுக்கு ஓடுன காலு கூடப்பொறந்தவளுக்கு வரலியா என்று நல்லம்மாள் கேட்டதாகச் சொன்னார்கள். ஊரைச் சொல்லி என்ன? நானும் நம்பினேன். ஓட முடிந்தவருக்கு இனி நான் கை கொடுக்க மாட்டேன் என்று உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தீவனக் கிடங்குக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு வந்தபோது அதே நாற்காலியில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். பக்கத்தில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. வேட்டி நனைந்திருந்தது. சமையலறையில் ஆள் இருந்தாள், நீங்கள் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தோணல" என்றீர்கள்.

நடிக்கிறவர் இப்படியா நடிப்பார்? அன்றைக்குத்தான் வசந்திக்குத் தந்தி அடித்தேன்.

அவள் அப்போது மருத்துவப் படிப்பில் கடைசி வருஷம். வந்து ஒரு நாள் முழுக்க உங்களோடு இருந்தாள். நான் மாத்திரை கொடுப்பதைப் பார்த்தாள். முட்டையைப் பார்த்தாள். பால் டம்ளரைப் பார்த்தாள். தன் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தாள். நீயே படிம்மா என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூளைக்கு ஒரு காவல் உண்டாம். ரத்தத்தில் ஓடுவதையெல்லாம் உள்ளே விடாது. டோபமினை அப்படியே கொடுத்தால் வாசலிலேயே நின்றுவிடும். அதனால் அதற்கு முந்தைய பொருளை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். உள்ளே போன பிறகு மிச்சமிருக்கிற செல்கள் அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். ஆனால் அந்தப் பொருள் நுழைகிற வழியும், முட்டையும் பாலும் செரித்துக் கிடைக்கிற துண்டுகள் நுழைகிற வழியும் ஒன்றுதான். துண்டுகள் முண்டியடித்துக்கொண்டு நின்றால் மாத்திரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். எல்லோருக்கும் இவ்வளவு ஆவதில்லையாம். உங்களுக்கு ஆனது.

உங்கள் தங்கை வீட்டு நிலைப்படியில் நீங்கள் நின்றீர்கள். உங்கள் மாத்திரையை ஒரு நாளைக்கு மூன்று வேளை அப்படி நிற்க வைத்தவள் நான்.

அந்த டாக்டர் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. நாங்கள் எந்த ஊர், என்ன தொழில் என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டார். கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் சாப்பாடு என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார் என்று கேட்கவில்லை.

முட்டையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போனது. வசந்தி இன்னொன்றும் சொன்னாள். கால் நின்றுவிட்டால் இழுக்கக் கூடாது, காலுக்கு முன்னால் தரையில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் போதும், கண் அதைப் பார்த்ததும் கால் தாண்டும் என்றாள். கோலமாவை எடுத்து வீட்டில் ஒவ்வொரு நிலைக்கும் முன்னால் குறுக்குக் கோடு போட்டேன். நீங்கள் கூடத்திலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒவ்வொன்றாகத் தாண்டி வந்தீர்கள். ஒரு கோடு, மாமா. அன்றைக்கு அந்தப் பந்தலில் எத்தனை பேர் இருந்தோம். கோலமாவும் அங்கேதான் இருந்தது.

வசந்தி அந்தப் புத்தகத்தை என்னிடமே விட்டுப் போனாள். அகராதியும் பென்சிலும் வைத்துக்கொண்டு நான் அதைப் படித்தேன். நீங்கள் போன பிறகும் படிக்கிறேன். இப்போது அவள் புதிதாக வருவதையெல்லாம் அனுப்பி வைக்கிறாள்.

கறுப்பாகத் தீட்டிய அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இதே செல்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. முதல் கூட்டத்தின் இழைகள் பெரும்பாலும் உடம்பை அசைக்கிற பகுதிக்குப் போகின்றன. இரண்டாவது கூட்டத்தின் இழைகள் முன்மூளைக்கும், அதற்குக் கீழே ஆசையோடும் பரிசோடும் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன முடிச்சுக்கும் போகின்றன. எலியின் மூளையில் மெல்லிய கம்பி வைத்து, அது ஒரு கட்டையை அழுத்தினால் அந்தப் பாதையில் மின்சாரம் பாய்கிற மாதிரி செய்து பார்த்தார்களாம். எலி சோறு தண்ணீரை மறந்து அழுத்திக்கொண்டே இருந்ததாம். டோபமினைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்தால் அழுத்துவதை விட்டுவிடுகிறதாம். ஆகவே டோபமின்தான் இன்பத்தைத் தருகிற பொருள் என்று ஒரு புத்தகம் முடிக்கிறது.

அந்த வரிக்குப் பக்கத்தில் தப்பு என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன்.

இன்பம் செத்திருந்தால், நான் வாயில் வைத்த மாம்பழத்துக்கு உங்கள் தொண்டையில் அந்தச் சத்தம் எப்படி வந்தது? பழம் உங்களுக்குப் பிடித்தது. பிடித்த பழத்தை நோக்கி ஒருவரை எழுப்பிக் கையை நீட்ட வைக்கிறதே, அதுதான் உங்களிடம் இல்லை. இரண்டும் வேறு. நம் கோழிகளைப் பாருங்கள். தீனி வாளி தூரத்தில் சத்தம் போட்டாலே ஓடி வருகின்றன. தீனியை இன்னும் பார்க்கக்கூட இல்லை, ருசி அப்புறம்தான். ஓட வைப்பது வேறு, ருசிப்பது வேறு. உங்களுக்குள் வாளிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வசந்திக்கு இதை எழுதினேன். இதே மாதிரி சந்தேகப்படுகிற ஆட்கள் வெளிநாட்டிலும் இருக்கிறார்களாம், இன்னும் முடிவாகவில்லையாம். குரங்கின் மூளையில் கம்பி வைத்து அந்தச் செல்களையே கேட்கிறார்களாம். சும்மா இருக்கும்போது அவை மெதுவாக, ஒரே சீராகத் துடித்துக்கொண்டிருக்கும், மறைவில் இருக்கிற தீனி விரலில் பட்டதும் படபடவென்று வெடிக்கும் என்று எழுதியிருந்தாள். அம்மா, நீ சொல்வது தப்பாகவே இருந்தாலும் பென்சிலை மட்டும் கீழே வைத்துவிடாதே என்றும் எழுதியிருந்தாள். உங்கள் மகள்தான்.

தீப்பிடித்த அன்று எப்படி ஓடினார் என்று கேட்டேன். சரியாகத் தெரியாது, இந்த நோயில் இப்படி நடப்பதுண்டு, திடீர் ஆபத்தில் மூளை வேறு ஏதோ வழியாகக் காலை எழுப்பிவிடுகிறது என்றாள். நடிப்பு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

நல்லம்மா, சாந்தி இதைப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை படிக்கச் சொல். உன் அண்ணனுக்கு உன் மேல் ஆசை அற்றுப்போகவில்லை. ஆசையைக் காலுக்கும் கைக்கும் முகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற சிறு செல்கள் செத்துப்போயின. நீ மூன்று தடவை கூப்பிட்டதும் அவருக்குக் கேட்டது. உன் குரல் உடைந்ததும் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டே, நல்லம்மா அழுவுறா என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். பேசாமல் தூங்குங்கள் என்றேன் நான்.

மாமா, இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டிவிட்டேன். மிச்சம் இருப்பது என் கதை.

முட்டையை மாற்றிய பிறகு உங்களுக்கு நாலு நல்ல வருஷம் கிடைத்தது. வாளிச் சத்தம் திரும்பி வந்தது. திரும்பி வந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான். நல்லம்மா ஊட்டுக்குப் போயிட்டு வரலாம் சரசு. அந்த வைகாசியில் கேட்டீர்கள். அடுத்த வைகாசியில் கேட்டீர்கள். நான் ஒரே பதில்தான் சொன்னேன். குஞ்சுக்கு ஓடின காலைச் சொல்லிக் குத்திக் காட்டியவள், அவளே வந்து கூப்பிடட்டும், அப்புறம் போகலாம். நீங்கள் போக வேண்டும் என்றால் நான் கூட வர வேண்டும், கோடு போட ஆள் வேண்டும். அது தெரிந்துதான் சொன்னேன்.

கடைசி வைகாசியில் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. ஆளை அனுப்பி மல்கோவா வாங்கி வரச் சொல்லி, ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, நடுங்குகிற கையால் ஒவ்வொரு பழமாக முகர்ந்து, வைக்கோல் போட்டு அடுக்கிக் கூடை கட்டினீர்கள். முடிச்சு போட மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று. நான் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டி முடித்து நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் அந்த முடிச்சை அவிழ்த்துப் பழங்களைப் பண்ணையாட்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் வந்து வைக்கோலைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். திட்டவில்லை. அன்றைக்கு உங்கள் முகம் பலகையாக இல்லை. மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. உங்கள் முகத்தில் இருந்ததை நான் முழுசாகப் பார்த்தேன்.

அந்த மார்கழியில் சளி கட்டி, பத்து நாளில் போய்விட்டீர்கள். நல்லம்மாள் வந்தாள், ஊரார் வந்தது போல. மாலையைப் போட்டுவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள். எனக்கு அன்றைக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது நினைத்தால், அவளுக்கு யார் என்ன சொல்லியிருந்தோம்? கால் வரவில்லை என்று நீங்கள் சொன்னது என் ஒருத்தியிடம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் போதும். என் எழுத்து அழகானது என்று எல்லோரும் சொல்வார்கள்.

பெண்டாட்டிக்குப் புருஷன் பேரில் நம்பிக்கை வர ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. அச்சில் இருந்தால் நம்புவேன், நீங்கள் சொன்னால் நம்ப மாட்டேன். என்ன படிப்பு இது? உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உடனே கொடுத்துவிடுவீர்கள், அது எனக்கு வேண்டாம்.

இந்தக் கடிதம் வைகாசி இதழில் வரும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். வந்த மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேலம் போவேன். மல்கோவாவை நானே பொறுக்குவேன், காம்பை முகர்ந்து, கடைக்காரர் முகம் சுளிக்கும்வரை. வைக்கோல் போட்டுக் கட்டி, கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போவேன். வீட்டுக்காரரை இழந்தவள் முதல் பழம் எடுத்து வரலாமா என்று யாராவது கேட்டால், இது என் கூடை இல்லை, போன தடவை வராமல் போன கூடை என்று சொல்வேன்.

நல்லம்மாள் வீட்டு நிலைப்படிக்கு முன்னால் போய் நிற்பேன். கூப்பிட மாட்டேன். உள்ளேயும் போக மாட்டேன். நீங்கள் நின்ற அதே இடத்தில், எத்தனை நேரம் ஆனாலும் நிற்பேன். எனக்கு முட்டி வலி, இந்த வயதில் கூடையோடு அதிக நேரம் நிற்க முடியாது என்பது நல்லம்மாளுக்கும் தெரியும். அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் அவள் கூப்பிட வேண்டும், கூப்பிட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. அன்றைக்கு அங்கே உங்களுக்குக் கை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இந்தத் தடவை அந்த வீட்டிலிருந்து ஒரு கை நீளும்வரை நான் திரும்பிப் போக மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவள் பழத்தை அறுத்தால், முதல் துண்டு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும்,
கதவு திறந்தால் நல்லம்மாளுக்கு நங்கையுமான
சரசு